நடுவில் படிப்பவருக்கு

ஆம்பூர்,
3-2-1958

தம்பி பரந்தாமனுக்கு அக்கா அம்சவேணி எழுதுவது.

இங்கே யாரும் நலமில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். உன் மாமாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் பாதத்து எலும்பு கோணலாகவே கூடிவிட்டது, இனிமேல் நேராகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். டேனரியில் நாள் முழுக்க நின்று தோலில் சதை சீவிய மனுஷன், பாயிலிருந்து வாசலுக்கு வரச் சுவரைப் பிடிக்கிறார். ஒரு கட்டுத் தோல் காணோம் என்று ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய், உள்ளங்காலில் அடித்து, "நான்தான் எடுத்தேன்" என்று கையெழுத்து வாங்கப் பார்த்தார்கள். அந்தக் கட்டு பிறகு டேனரிக் கிடங்கிலேயே கிடைத்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும். வேலூர்க் காற்றில் மறந்திருப்பாயோ என்று எழுதினேன்.

தெரியாததை இப்போது சொல்கிறேன். போலீசார் மேல் வரும் புகாரை விசாரிக்கத்தான் சர்க்கார் உங்கள் கமிட்டியைப் போட்டது. நீ அங்கே டைப்பிஸ்ட் என்பதால் எனக்குக் கொஞ்சம் தைரியம் ஜாஸ்தியாகவே இருந்தது. சாட்சி யார் என்று கேட்டார்கள். முக்தார் அகமது என்று எழுதி, கவரை ஒட்டி, நானே பஸ் ஏறி வந்து கொடுத்தேன். அன்றைக்கு மாமாவோடு ஸ்டேஷனில் உட்காரவைத்த முக்தார் பாய் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர். அவர் பேரை நான் வேறு ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே அவர் வீட்டெதிரே சட்டை வேட்டியில் ஒரு போலீஸ்காரன். "இன்னா பாய், வேலூருக்கு சாட்சி சொல்லப் போறியாமே?" என்று கேட்டிருக்கிறான். அவர் சம்சாரம் நசீமுன்னிசா என் பள்ளிக்கூடத்துக்கே வந்து, பிள்ளைகள் பார்க்க அழுதாள்.

என் வீட்டெதிர் டீக்கடையிலும் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான். டீயே குடிப்பதில்லை. கடைக்காரருக்கு அதுதான் பேஜார்.

இன்னொன்று. நீ அனுப்பும் கவரை நீ கோந்து போட்டு ஒட்டுவாய். எனக்கு வந்து சேரும்போது அதில் சோற்றுப் பசை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காகிதம் ஒட்டச் சொல்லித் தருகிறவளுக்குப் பசை தெரியாதா? உங்கள் ஆபீசில் யாரோ நம் கடிதத்தைப் பிரிக்கிறார்கள். யார் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும்.

அம்சவேணி

*

வேலூர்,
7-2-1958

அன்புள்ள அக்காவுக்குப் பரந்தாமன் வணக்கத்துடன் எழுதியது.

உன் கடிதத்தை மிகுந்த மனவருத்தத்துடன் படித்தேன். எங்கள் சேர்மன் ஜில்லா ஜட்ஜாக இருந்து ரிடையர் ஆனவர். ஆபீஸ் காபியைக்கூடத் தொடமாட்டார், வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவருவார். அப்படிப்பட்டவர் ஆள் வைத்து உன்னை வேவு பார்க்கிறார் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? இதை வெளியே சொல்லித் தொலைக்காதே.

புகாரில் உள்ளது மெய்யா என்று ஊரில் கேட்டறிய இங்கே களவிசாரணைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் இருப்பவர்கள் போலீஸ் இலாகாவிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள், விசாரித்துப் பழகியவர்கள். அவர்களில் யாராவது முக்தார் பாயைப் பார்த்திருக்கலாம். அதற்குப் பேர் நடைமுறை.

கவர் விஷயம். எனக்கு வருவதும் நான் அனுப்புவதும் ஆபீஸ் தபாலோடு அந்தப் பிரிவின் மேஜை வழியாகப் போய்வருகிறது. ஒட்டு விட்டுப்போன கவருக்குப் பியூன் பசை தடவியிருப்பான். இதைப் போய் இவ்வளவு பெரிதாக்குகிறாயே!

அக்கா, ஏப்ரலில் என்னை நிரந்தரம் ஆக்குகிறார்கள். பேர் மேலே போயாகிவிட்டது. புகாரை வாபஸ் வாங்கு என்று நான் சொல்லமாட்டேன், அந்த அளவுக்குக் கெட்டவன் இல்லை. முக்தார் பாய் பேரை மட்டும் எடுத்துவிடு. அவருக்கும் நிம்மதி. மாமாவின் காலே போதுமான சாட்சிதானே?

மாமாவுக்கு என் நமஸ்காரம்.

பரந்தாமன்

*

ஆம்பூர்,
16-2-1958

தம்பிக்கு,

போலீஸ் மேல் புகாரை விசாரிக்கப் போலீசையே கடன் வாங்கியிருக்கிறீர்கள். இதை நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய், எழுதியபோது உனக்குச் சிரிப்பு வரவில்லையா? மாமாவிடம் படித்துக் காட்டினேன். வலியை மறந்து சிரித்தார். ரொம்ப நாளாயிற்று அவர் அப்படிச் சிரித்து.

முக்தார் பாய் பேரை எடுக்கமாட்டேன். மாமாவின் கால் போதும் என்கிறாய். கால் பேசுமா? கிணற்றில் விழுந்தார், மாடு மிதித்தது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். பார்த்த மனிதர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. அவர் சொல்வாரா என்பதுதான் எனக்கு இப்போது ஒரே கவலை. நசீமுன்னிசா அவரை வெளியே விடுவதில்லை. வெளியே வந்தாலும் என் கண்ணைப் பார்ப்பதில்லை.

வீட்டுச் சேதி. மாமாவுக்குச் சும்மா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. முக்தார் பாய் சரக்குக் கொடுத்தனுப்புகிறேன் என்றிருக்கிறார். பின்கட்டில் வியாழக்கிழமை மூன்று பானையில் ஊறல் போடப்போகிறார். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துவிட வேண்டும், விட்டால் நாற்றம் தெருவைத் தூக்கும். கடைவீதியில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. உட்கார்ந்து செய்கிற வேலை, அவர் முகத்தில் கொஞ்சம் களை வந்திருக்கிறது.

அக்கா

நடுவில் படிப்பவருக்கு: ஐயா, சோற்றுப் பசையைக் கரப்பான் அரிக்கிறது. கொஞ்சம் மயில்துத்தம் கலந்து காய்ச்சுங்கள். இவ்வளவு சிரமப்படுகிறீர்கள், ஒட்டாவது நிற்கட்டும்.

*

ஆம்பூர்,
21-2-1958, வெள்ளிக்கிழமை

பரந்தாமா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது மதுவிலக்குப் போலீஸ் வந்தது. ஜீப்பு, சப்-இன்ஸ்பெக்டர், கூட நாலு பேர். தெரு முழுக்க வாசலில் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கத்து ஆள் இல்லை, பேச்சிலேயே தெரிந்தது. "ஊறல் எங்கே இருக்கு?" என்றார். மாமா கொஞ்சமும் அசராமல், "பின்னால கீது சார், போய்ப் பாருங்க" என்றார்.

பானை மூடியைத் திறந்து, சட்டைக் கையை மடக்கி, உள்ளே கையை விட்டு இழுத்தார் அந்த மகானுபாவர். மயிரும் உப்பும் சொட்டச் சொட்ட ஒரு ஆட்டுத் தோல் கையோடு வந்தது. மண்டியில் கழித்துப் போட்ட தோல், செருப்புக்கு உள்தோல் தைக்க முக்தார் பாய் வாங்கிக் கொடுத்தது.

"இன்னா சார் பாக்கறீங்க? ஊறல்தான். தோலு ஊறுது" என்றார் மாமா. "ஆம்பூர்ல வூட்டுக்கு வூடு இதான் ஊறல். நீங்க இன்னான்னு நெனச்சீங்க?"

வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுச் சாராயத்துக்குப் புளிக்கவைப்பதைத்தான் அவர்கள் ஊறல் என்பார்கள். தோலை நனைய வைப்பதை நாம் ஊறல் என்போம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தெருவே சிரித்தது. அவர் அந்தக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் கேட்டதில்தான் சிரிப்பு செத்தது.

"மூணாவது பானை எங்கே?"

பின்கட்டில் இருந்தது இரண்டு பானை. மூன்றாவதைப் புதன்கிழமை கழுவும்போது நானே உடைத்துவிட்டேன். மூன்று பானை என்பது உனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. முக்தார் பாய்க்கும் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. அவர்கள் பரண், அடுப்படி, கோழிக்கூடு எல்லாம் தேடினார்கள், அந்தப் பானையை. உடைந்த ஓட்டைக் காட்டினேன். நம்பவில்லை.

போகும்போது சோதனைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். "ஊரல்" என்று எழுதியிருந்தது. பெரிய ற போட்டுத் திருத்தி, முன்னால் "தோல்" என்றும் சேர்த்தால்தான் கையெழுத்து என்றேன். திருத்தினார்கள்.

இப்போது நீ சொல். ஒன்று, நீ போய் அவர்களிடம் சொன்னாய். அல்லது உன் ஆபீஸ் பிரித்துப் படித்தது. நடுவில் மூன்றாவது வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லியிருக்கமாட்டாய் என்று மாமா அடித்துச் சொல்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அம்சவேணி

*

வேலூர், சைதாப்பேட்டை,
25-2-1958

அக்கா,

இது நான் தங்கியிருக்கும் மெஸ்ஸிலிருந்து எழுதுவது. ரயில் ஸ்டேஷன் தபால் பெட்டியில் நானே போட்டேன். நீயும் இனி மேலே கண்ட விலாசத்துக்கே எழுது.

நான் சொல்லவில்லை. உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன். ஆனால் நீ கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. களவிசாரணைப் பிரிவில் துரைசாமி என்று ஒருவர், என்னோடு தினமும் சிரித்துப் பேசுகிறவர். நேரே அவரிடமே போனேன். "என் அக்கா கடிதத்தைப் பிரிக்கிறீர்களா?" என்றேன். மறுப்பார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமாம் பரந்தாமன், வழக்கந்தானே?" என்றார். "புகார் கொடுக்கறவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா? சாட்சிங்க எங்க போறாங்க, யாரைப் பாக்கறாங்க, எல்லாம் ஸ்டேஷனுக்குச் சொல்லித்தான் பாத்துக்கறோம்." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "உங்க அக்கா சொன்னாங்கன்னு துத்தம் கலந்து பாத்தேன். பசை நீலமாப் போவுது, கவர்ல தெரியுது. கம்மியாப் போடணும் போல" என்றார்.

அக்கா, அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலக்கிவிட்டது. ஒளிக்கிற விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சேர்மனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தினமும் வர்ற சேதி எங்கிருந்து வருதுன்னு அவர் கேட்டதில்லை" என்றார்.

மார்ச் பத்தாம் தேதி உங்கள் புகார் விசாரணைக்கு வருகிறது. இந்தக் கேள்வியை நீ அங்கே கேள். நான் அதை ஒரு எழுத்து விடாமல் டைப் அடிப்பேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. ஏப்ரல் வரைக்கும் என்னை விட்டுவிடு. கோழை என்று திட்டினாலும் சரி.

உன் தம்பி
பரந்தாமன்

*

ஆம்பூர்,
2-3-1958

தம்பிக்கு,

நீ சொல்லவில்லை என்று நம்புகிறேன். கடிதத்தைப் படித்ததும் அழுதுவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். இத்தனை நாள் உன்மேல் இருந்த சந்தேகம்தான் எனக்கு மாமாவின் காலைவிட வலித்தது.

கோழை என்று திட்டமாட்டேன். ஆனால் நீ சொல்வது நடக்காது. நான் கேட்டால், புருஷன் அடிபட்ட கோபத்தில் ஒரு பொம்பிளை உளறுகிறாள் என்று எழுதிக்கொள்வார்கள். அதையும் நீதான் டைப் அடிப்பாய். பிரிக்கிறேன் என்று அவர் வாயால் சொன்னதைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்.

முக்தார் பாய் நேற்று வந்தார். ஊறல் கதையைக் கேட்டுச் சிரித்தவர்தான், இப்போது அவருக்குக் கோபம் தலைக்கேறி நிற்கிறது. "நம்ம தோலுத் தண்ணியக் கூட வுட்டு வெக்கலியேம்மா" என்றார். விசாரணைக்கு வருகிறார். நசீமுன்னிசாவே டிபன் கட்டித் தருகிறாளாம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "எம் பேரு ஸ்டேஷனுக்கு எப்டிப் போச்சுன்னு மொதல்ல அவங்க சொல்லணும். சொல்லாங்காட்டி நான் வாயத் தொறக்க மாட்டேன். நாளைக்கு நான் சொல்றதும் அதே வழியில தான போகும்?" என்கிறார். அவர் கேட்பதில் என்ன தப்பு?

அவர் வாயைத் திறக்காவிட்டால் மாமாவின் கால் மாடு மிதித்த கால்தான். எப்போதைக்கும்.

உன் வேலை உனக்குப் பெரிது, அது எனக்கும் தெரியும். நம் வீட்டில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நீ. அதை விடு என்று எழுத எனக்கு வாய் இல்லை. விடாதே என்று எழுதவும் மனசில்லை. உன் இஷ்டம்.

அம்சவேணி

*

ஆம்பூர்,
12-3-1958

அன்புள்ள தம்பி பரந்தாமனுக்கு,

எங்கே போனாய்? விசாரணை முடிந்து கடைசி பஸ் வரைக்கும் கேட் பக்கத்தில் நின்றோம். நீ பின்வாசல் வழியாகப் போய்விட்டாய் என்று பியூன் சொன்னார். மெஸ்ஸிலும் இல்லை என்றார்கள்.

மற்ற சாட்சிகள் உள்ளே இருக்கக்கூடாது என்று என்னையும் மாமாவையும் வராந்தாவில் உட்காரவைத்துவிட்டார்கள் அல்லவா? உள்ளே யார் பேசுவதும் எங்களுக்குக் கேட்கவில்லை. உன் மிஷின் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. அது ஓடுகிறவரைக்கும் நீ நன்றாக இருக்கிறாய் என்று உட்கார்ந்திருந்தேன். திடீரென்று நின்றுவிட்டது. மாமா என் கையைப் பிடித்தார்.

நடந்ததை பஸ்ஸில் முக்தார் பாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் தன் நிபந்தனையைச் சொல்லியிருக்கிறார். "இந்தக் கமிட்டியிலிருந்து ஒரு வார்த்தைகூட வெளியே போகாது" என்றாராம் சேர்மன். அதை டைப் அடிக்காமல் நீ எழுந்து நின்றாயாம்.

"போகிறது ஐயா. என் அக்காவின் கடிதத்தையே பிரித்தார்கள். பிரித்தவரே என்னிடம் சொன்னார்."

உன் குரல் நடுங்கியது என்றார் பாய். "நடுங்கிக்கினேதான்மா சொன்னாரு. ஆனா முழுசாச் சொன்னாரு" என்றார். ஊறல், மூன்று பானை, நீலப் பசை எல்லாம் சொன்னாயாம். வக்கீல்களெல்லாம் சிரித்தார்களாம். சேர்மன் சிரிக்கவில்லை. இது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது, எழுதவேண்டாம் என்று உத்தரவு போட்டாராம்.

எழுதவேண்டாம் என்றால் என்ன? அங்கிருந்தவர்கள் கேட்டாயிற்று. முக்தார் பாய் எழுந்து, "எனக்குப் போதும் சார், நான் சொல்றேன்" என்று தொடங்கி, எந்த ஏட்டு காலைப் பிடித்தான், எவன் தடி எடுத்தான், மாமா எப்போது மயங்கினார் என்று ஒன்றையும் விடவில்லை. வேறு டைப்பிஸ்ட் இல்லாததால் நீயே திரும்ப உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்தாயாமே! அந்தச் சத்தம் வராந்தாவில் எங்களுக்குக் கேட்டது. முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

எனக்கு உன்னை நினைத்தால் பெருமை தாங்கவில்லை. பயமாகவும் இருக்கிறது. உடனே பதில் போடு.

அக்கா

*

(கார்டு)

வேலூர்,
20-3-1958

அக்காவுக்கு,

இனி உனக்குக் கார்டில்தான் எழுதுவேன். பிரிக்க வேண்டாம், ஒட்ட வேண்டாம்.

வேலை போயிற்று. "ஆபீஸ் ரகசியத்தை வெளியிட்ட குற்றம்" என்று ஆர்டரில் போட்டிருக்கிறார்கள். கடிதம் பிரிக்கவே இல்லை என்று பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். பிரிக்கவே இல்லை என்றால் நான் எந்த ரகசியத்தை வெளியிட்டேன் என்று கேட்டேன். பதில் சொல்ல ஆளில்லை. அந்த ஆர்டரை டைப் அடிக்கவும் ஆளில்லை, கையால் எழுதித்தான் கொடுத்தார்கள்.

வழியில் படிப்பவர்களுக்கும் சொல்கிறேன்: என் மாமா கனகராஜின் காலை ஸ்டேஷனில் உடைத்தார்கள். முக்தார் அகமது பார்த்தார், சொன்னார். விசாரிக்க வந்தவர்கள் புகார் கொடுத்தவள் வீட்டை வேவு பார்த்தார்கள். இதை நான் எங்கேயும் சொல்வேன்.

பரந்தாமன்

*

(கார்டு)

ஆம்பூர்,
24-3-1958

அன்புள்ள தம்பிக்கு,

உன் கார்டு வந்தது. போஸ்ட்மேன் கோவிந்தசாமி கொடுக்காமல் வாசலிலேயே நின்றார். "டீச்சர், நான் படிச்சுட்டேன். கார்டுதானே, படிக்கலாம்தானே?" என்றார். படியுங்கள் என்றேன். சத்தமாகப் படித்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆளும் கேட்டான். படித்து முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டான்.

சாயங்காலம் பக்கத்துத் தெரு கங்கம்மாள் வந்தாள். போன வருஷம் அவள் மகனையும் இதே ஸ்டேஷனில் அடித்திருக்கிறார்கள், பயந்து வாயை மூடியிருந்தாளாம். அவளுக்குப் பின்னால் அதே தெரு அஹமது பாஷா. அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். எல்லாருக்கும் புகார் எழுத வேண்டும். கவர் வேண்டாம், கார்டில் எழுதுங்கள் டீச்சர், வழியெல்லாம் படிக்கட்டும் என்கிறார்கள். தபாலாபீசில் கார்டு தீர்ந்துவிட்டது. பரீட்சைப் பேப்பர் வேறு திருத்தாமல் கிடக்கிறது. எனக்குக் கை வலிக்கிறது.

உனக்கு வேலை போனது என்று யார் சொன்னது? பெட்டியைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வா. வரும்போது வேலூரில் கார்டு கிடைக்கிற அளவுக்கு வாங்கிக்கொண்டு வா.

அக்கா